இலை இனிக்கும் காட்டு மில்க்வெட்ச்: வாசகர் கேள்வி பதில்

அவரைக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் குறித்து வந்துள்ள கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே செடியைப் பற்றியவை என்பதால், இந்த முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். தாவரவியலார் அஸ்ட்ராகலஸ் கிளைசிஃபில்லஸ் என்றும், தோட்டக்காரர்கள் காட்டு மில்க்வெட்ச் என்றும், விதை விற்பவர்கள் சிலர் காட்டு அதிமதுரம் என்றும் அழைக்கும் செடி அது. ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் மேற்கு ஆசியாவிலும் காட்டோரங்களிலும் புதர் மண்டிய சரிவுகளிலும் தானாக வளர்வது. ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: "காட்டு அதிமதுரம்" என்ற பெயரில் ஒரு விதைப் பொட்டலம் வாங்கினேன். இது கடையில் கிடைக்கும் அதிமதுரம்தானா? எத்தனை ஆண்டுகளில் வேரைத் தோண்டி எடுக்கலாம்?

பதில்: பொட்டலத்தில் அஸ்ட்ராகலஸ் கிளைசிஃபில்லஸ் என்ற பெயர் இருந்தால் அது அதிமதுரம் அல்ல, அதன் வேரைத் தோண்ட வேண்டிய தேவையும் இல்லை. மருந்துக் கடையில் நாம் வாங்கும் அதிமதுரம் கிளைசிரைசா கிளாப்ரா என்ற வேறொரு செடியின் வேர். இரண்டும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும், இரண்டிலும் ஓர் இனிப்புச் சுவை இருப்பதும் உண்மைதான். ஆனால் அதிமதுரத்தில் மக்கள் தேடுவது வேரின் இனிப்பை. காட்டு மில்க்வெட்சில் இனிப்பது இலை. 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டியபோது அந்த இலையின் சுவையையே பெயராக்கினார்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் என்ற பொருள், சர்க்கரையைப் போல் பல மடங்கு இனிப்பானது. அதை அளவு மீறித் தொடர்ந்து உட்கொண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து ரத்த அழுத்தம் ஏறும். அதிமதுரத்தைப் பற்றிப் படித்த பலனையோ எச்சரிக்கையையோ அப்படியே எடுத்து இந்தச் செடியின் மேல் வைக்க முடியாது. இந்தச் செடிக்குச் சொன்னதை அதிமதுரத்துக்கும் பொருத்த முடியாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பொட்டலத்தில் இருக்கும் விதை சிவப்பாகவும் ஒரு முனையில் கறுப்புப் பொட்டுடனும் இருந்தால் அது குன்றிமணி. அதன் கொடியின் இலையும் இனிக்கும் என்பதால் அதற்கும் உலகின் பல பகுதிகளில் காட்டு அதிமதுரம் என்ற பொருளில் பெயர்கள் வழங்குகின்றன. குன்றிமணி விதையில் இருக்கும் அப்ரின் மிகக் கொடிய நஞ்சு. விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மில்க்வெட்ச் விதையோ ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அளவில், சிறுநீரக வடிவில், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் யாரும் குழம்ப மாட்டார். பெயரை மட்டும் படித்து வாங்குபவர்தான் குழம்புவார்.

கேள்வி: பயணத்தின்போது ஐரோப்பியக் காட்டோரம் ஒன்றில் இதைப் போன்ற செடியைப் பார்த்தேன். அவரைக் குடும்பத்துச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றனவே, இதை உறுதியாக அடையாளம் காண்பது எப்படி?

பதில்: பூவைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய நினைத்தால் ஏமாற்றமே கிடைக்கும். பச்சை கலந்த வெளிர் மஞ்சள் நிறப் பூக்கள் இலைக் கக்கத்தில் சிறு கொத்தாக வருகின்றன. கொத்தின் நீளம் இலையின் நீளத்தை எட்டுவதில்லை என்பதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பூத்து நிற்கும் செடியைக்கூடப் பூக்காத செடி என்று நினைத்துக் கடந்து போய்விடலாம். ஆகவே தண்டிலிருந்து தொடங்குங்கள்.

இது பல்லாண்டுச் செடி. தடித்த ஆணிவேரின் தலையிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் புதிய தண்டுகள் கிளம்பி, தரையில் படர்ந்து, நுனியை மட்டும் சற்றே நிமிர்த்திக்கொள்ளும். அரை மீட்டர் நீளத் தண்டுகள் சாதாரணம். நல்ல இடத்தில் ஒரு மீட்டரையும் தாண்டும். தண்டு நேராகப் போகாமல் ஒவ்வொரு கணுவிலும் திசை மாறி வளைந்து வளைந்து செல்லும். தண்டில் மயிர் அநேகமாக இருக்காது. இலை 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கூட்டிலை. அதில் 9 முதல் 15 வரை முட்டை வடிவச் சிற்றிலைகள் இருக்கும். எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை, ஏனென்றால் நுனியில் தனியாக ஒரு சிற்றிலை நிற்கும். உங்களைக் குழப்பக்கூடிய விசியா பேரினச் செடிகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் பற்றுக்கம்பி இருக்கும். காட்டு மில்க்வெட்ச் எதையும் பற்றி ஏறுவதில்லை, அதற்குப் பற்றுக்கம்பியும் இல்லை. இலைக்காம்பின் அடியில் பெரிய இலையடிச் செதில்கள் இரண்டு தெளிவாகத் தெரியும்.

ஐயத்தை முற்றாகத் தீர்ப்பது காய். ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும் பூங்கொத்து இருந்த இடத்தில் 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமுள்ள காய்கள், சின்னஞ்சிறு வாழைச் சீப்பைப் போல, உள்நோக்கி வளைந்து மேல்நோக்கி நிற்கும். முற்றாத காய் ஒன்றைப் பறித்து, கூரிய பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஓர் அவரைக் காயை அறுத்தால் உள்ளே ஒரே அறைதான் இருக்கும்; இதில் நடுவே மெல்லிய சுவர் ஒன்று ஓடி, காயை இரண்டு அறைகளாகப் பிரித்திருக்கும். காயின் ஒரு பக்கத் தையல் உள்ளே மடிந்து வந்து எதிர்ப்பக்கத்தைத் தொடுவதால் உண்டாகும் சுவர் அது. மில்க்வெட்ச்கள் எல்லாம் அடங்கிய அஸ்ட்ராகலஸ் பேரினத்தில் பல இனங்களுக்கு இந்த மடிப்பு உண்டு. இதற்கு மிக நெருங்கிய ஆக்சிட்ரோபிஸ் பேரினத்தில் மடிப்பு எதிர்ப்பக்கத் தையலிலிருந்து வரும். அதன் பூவில் அடியிதழின் நுனியில் சிறு மூக்கு நீட்டியிருப்பதும் கூடுதல் அடையாளம்.

கேள்வி: இலையை மென்றால் இனிக்கும் என்கிறீர்கள். தேநீருக்குப் பதிலாகக் காய்ச்சிக் குடிக்கலாமா? ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்றும் கேள்விப்பட்டேன்.

பதில்: இலையை மென்றால் முதலில் இனிப்பும், சற்று நேரத்தில் அதை மூடிவிடும் கசப்பும் வரும். ஐரோப்பாவின் சில பகுதிகளில் உலர்ந்த இலையைத் தேயிலைக்கு மாற்றாகக் காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள். பல்கேரிய நாட்டு மருத்துவத்தில் இதன் நிலத்துக்கு மேல் உள்ள பாகங்களைச் சிறுநீர் பெருக்கியாகவும், ரத்த அழுத்தத்தையும் வீக்கத்தையும் தணிக்கவும் பயன்படுத்தும் வழக்கம் இருந்து வருகிறது. அங்குள்ள மருந்தியல் ஆய்வாளர்களும் இதன் சபோனின், ஃபிளேவனாய்டு என்ற இயற்கைச் சேர்மங்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வுகள் மதிப்புள்ளவை. ஆனால் அவை பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் செய்யப்பட்டவை. பிரித்தெடுத்து அளந்த ஒரு பொருளை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதும், அளவு தெரியாத ஒரு பிடி இலையை மனிதர் தினமும் காய்ச்சிக் குடிப்பதும் ஒன்றல்ல. ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர், சிறுநீர் பெருக்கி மருந்து எடுப்பவர், கருவுற்றிருப்பவர், பாலூட்டுபவர் ஆகியோர் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மற்றவர்களும் ஓர் இலையை மென்று சுவை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது; அதுவும் செடியைத் தானே வளர்த்து, பெயரை உறுதி செய்துகொண்ட பிறகு. காட்டில் கண்ட மில்க்வெட்ச் எதையும் வாயில் வைக்கக் கூடாது. ஏன் என்பதைக் கால்நடை பற்றிய கேள்விக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கென்று விற்கும் மாத்திரைகளில் அஸ்ட்ராகலஸ் என்று எழுதியிருக்கிறது. அது இந்தச் செடியா?

பதில்: இல்லை. அந்த மாத்திரைகளில் இருப்பது சீன மருத்துவத்தில் ஹுவாங் சி எனப்படும் அஸ்ட்ராகலஸ் மங்கோலிக்கஸின் வேர். வட சீனாவிலும் மங்கோலியாவிலும் இயல்பாக வளரும் அச்செடியைப் பல ஆண்டுகள் முற்றவிட்டு, வேரைத் தோண்டி, சீவி உலர்த்தி விற்கிறார்கள். தரம் பார்ப்பதற்கு அஸ்ட்ராகலோசைடு 4 என்ற சபோனின் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பார்கள். அஸ்ட்ராகலஸ் பேரினத்தில் ஏறத்தாழ 3,000 இனங்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் இதைவிடப் பெரிய பேரினம் இல்லை. பேரினப் பெயரை மட்டும் தாங்கிய ஒரு சிட்டை அந்த 3,000இல் எது உள்ளே இருக்கிறது என்று சொல்வதில்லை. இனப் பெயரும் சேர்ந்து அச்சிடப்படாத எந்தப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள். உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து எடுப்பவர்கள் ஹுவாங் சியையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

கேள்வி: மில்க்வெட்ச் மேய்ந்த மாடுகளும் குதிரைகளும் பித்துப் பிடித்ததுபோல் ஆகும் என்று படித்தேன். வேறோரிடத்தில் இது சிறந்த தீவனம் என்று எழுதியிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், இரண்டும் வெவ்வேறு இனங்களைப் பற்றிய உண்மைகள். இந்தப் பேரினத்தைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பேன்: மருந்தும் தீவனமும் நஞ்சும் ஒரே பேரினத்துக்குள், இலை வடிவிலும் பூ வடிவிலும் ஒன்றையொன்று ஒத்த செடிகளில் இருக்கின்றன.

நஞ்சு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது ஸ்வைன்சோனின். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் அஸ்ட்ராகலஸ் லென்டிஜினோசஸ், அஸ்ட்ராகலஸ் மாலிசிமஸ் போன்றவற்றில் இது உண்டு. செல்லுக்குள் சில வகைச் சர்க்கரைத் தொடர்களை உடைத்துத் தள்ளும் நொதியை இது முடக்கிவிடுவதால், உடைபடாத சர்க்கரைத் தொடர்கள் நரம்பு செல்களில் தேங்கி அவற்றைச் சிதைக்கின்றன. வாரக்கணக்கில் மேய்ந்த விலங்கு தடுமாறி நடக்கும், எதிரில் இருப்பதைத் தவறாகக் கணித்துக் குதிக்கும், மெலியும், சினை கலையும். இந்தப் பொருளை முதலில் 1979இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வைன்சோனா என்ற வேறொரு செடியில் கண்டறிந்தார்கள். 1982இல் அமெரிக்க மில்க்வெட்ச்களிலும் அதுவே காரணம் என்று தெரியவந்தது. இதில் வியப்பான செய்தி என்னவென்றால், நஞ்சைச் செய்வது செடியே அல்ல. செடியின் உள்ளே, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல், விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாக வாழும் ஒரு பூஞ்சைதான் அதைச் செய்கிறது. அந்தப் பூஞ்சை இல்லாத செடியில் நஞ்சும் இல்லை.

இரண்டாவது, நைட்ரோ சேர்மங்கள். அஸ்ட்ராகலஸ் மிசர் போன்ற இனங்களில் உள்ள மிசரோடாக்சின், அசைபோடும் விலங்கின் வயிற்றில் சிதைந்து, மூச்சுத் திணறலையும் பின்கால் முடக்கத்தையும் உண்டாக்கும். மூன்றாவது, செலினியம். அஸ்ட்ராகலஸ் பைசல்கேட்டஸ் போன்ற சில இனங்கள் மண்ணிலுள்ள செலினியத்தை உறிஞ்சித் தம் இலையில் குவித்துக்கொள்கின்றன. அவை செலினியம் மிகுந்த மண்ணில்தான் செழிக்கின்றன என்பதால் அவை நிற்கும் இடமே மண்ணைப் பற்றிய ஒரு தகவல். யுரேனியத் தாதுவோடு செலினியமும் சேர்ந்தே கிடக்கும் கொலராடோ பீடபூமியில், அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஹெலன் கேனன் 1950களில் இத்தகைய செடிகள் வளரும் இடங்களைப் பார்த்து யுரேனியம் தேடும் முறையை விரிவாக ஆராய்ந்து எழுதினார். ஒரு களைச் செடியைக் கூர்ந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

தீவனம் என்று நீங்கள் படித்தது அஸ்ட்ராகலஸ் சைசரைப் பற்றியதாக இருக்கும். ஐரோப்பாவைச் சேர்ந்த அந்த இனத்தைக் கனடாவிலும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் மேய்ச்சல் நிலங்களில் விதைக்கிறார்கள். குதிரை மசாலைப் பச்சையாக அதிகம் மேய்ந்தால் மாட்டுக்கு வயிறு உப்பும். சைசர் மில்க்வெட்சின் இலை வயிற்றில் மெதுவாகவே சிதைவதால் அந்தத் தொல்லை இல்லை. காட்டு மில்க்வெட்சும் சைசருக்கு நெருங்கிய இயல்புடையதுதான். ஆனாலும் தரையோடு படரும் அதை அறுத்துச் சேர்ப்பது கடினம், முதல் ஆண்டில் வளர்ச்சியும் மிக மெதுவு. தீவனத்துக்காகவே விதைக்க நினைப்பவர் சைசரை நாடுவதே சரி.

கேள்வி: இரண்டு முறை விதைத்தும் சில விதைகளே முளைத்தன, முளைத்தவையும் விரலளவிலேயே நின்றுவிட்டன. விதை பழுதா, என் முறை பழுதா?

பதில்: விதை பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இதன் விதைத் தோல் நீர் புகாத அளவுக்குக் கெட்டியானது. காட்டில் அது மழையிலும் பனியிலும் மண் உராய்விலும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, சில இந்த ஆண்டும் சில அடுத்த ஆண்டும் என்று தவணை முறையில் முளைக்கும். ஒரே வறட்சியில் நாற்றுகள் அனைத்தும் மாண்டுபோகாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. நமக்கு எல்லாம் ஒரே நேரத்தில் முளைக்க வேண்டும் என்றால் அந்தத் தேய்மானத்தை நாமே கொடுக்க வேண்டும்.

நைசான உப்புத்தாள் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றின் சொரசொரப்பான பக்கத்தில் விதைகளைப் பரப்பி, மற்றொன்றைக் கவிழ்த்து, லேசாக அழுத்தி வட்டமாகத் தேயுங்கள். விதையின் பளபளப்பு மங்கினால் போதும். உள்ளே இருக்கும் வெளிர்நிறப் பருப்பு தெரியும் அளவுக்குப் போக வேண்டாம். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பார்த்தால் சில விதைகள் ஊறிப் பெருத்திருக்கும், சில போட்டபடியே கிடக்கும். பெருத்தவற்றை அன்றே விதைத்துவிட்டு, பெருக்காதவற்றை உலர்த்தி மறுபடியும் தேய்த்து ஊறப்போடுங்கள். கொதிக்கும் நீரை ஊற்றச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. கைப்பழக்கம் இல்லாதவர் அதில் விதையை வேகவைத்துவிடுவார் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வசந்த காலத்தில் மண் சற்றுச் சூடேறியதும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றலாம். ஆணிவேர் மிக விரைவாகக் கீழே இறங்குவதால், இருக்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக ஊன்றுவது எல்லாவற்றிலும் சிறந்தது. தொட்டியில்தான் தொடங்க முடியும் என்றால் ஆழமான குழல் தொட்டியை எடுத்து, நாற்று சிறியதாக இருக்கும்போதே மண்கட்டி உடையாமல் மாற்றிவிடுங்கள். வளர்ந்த செடியைப் பிடுங்கி நட்டால் அது பெரும்பாலும் பிழைக்காது. செடிக்குச் செடி அரை மீட்டராவது இடைவெளி விடுங்கள். வெயில் நன்றாகப் படும் இடமும் ஏற்றது, பாதி நிழலும் ஏற்றது. நீர் தேங்கும் இடம் மட்டும் கூடவே கூடாது. சுண்ணாம்புச் சத்துள்ள, நீர் வடியும், அமிலத்தன்மை இல்லாத மண் இதற்கு உகந்தது. புளித்த மண்ணாக இருந்தால் விதைப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சுண்ணாம்புத் தூள் கலந்து வையுங்கள்.

விரலளவில் நின்றுவிட்டதாக நீங்கள் எழுதியிருப்பது நோய் அல்ல. முதல் ஆண்டில் செடி தன் உழைப்பில் பெரும்பகுதியை வேருக்கே செலவிடும். மேலே சில இலைகளும் ஒரு குட்டைத் தண்டும் மட்டுமே தெரியும். இந்த ஆண்டில்தான் பலரும் பொறுமை இழந்து, யூரியாவை அள்ளிப் போட்டு, செடியைக் கெடுத்துவிடுகிறார்கள். தழைச்சத்து மிகுந்தால் வேர் முடிச்சு உண்டாவது நின்றுபோகும்; சுற்றியுள்ள புல் மட்டும் கொழித்து நாற்றை மூடிவிடும். முதல் ஆண்டில் இதற்கு வேண்டியவை மூன்றே: களை எடுப்பது, இளம் இலையைத் தின்னும் நத்தைகளை விலக்குவது, காத்திருப்பது. இரண்டாம் ஆண்டில் தண்டுகள் நீளும், பூக்கவும் தொடங்கும். அதன் பிறகு இதே செடி களையை மூடும் தரைப்போர்வையாக மாறிவிடும்.

கேள்வி: இது மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்குமா? பசுந்தாள் உரமாகப் பயன்படுத்தலாமா?

பதில்: சேர்க்கும், உரிய பாக்டீரியா மண்ணில் இருந்தால். காட்டு மில்க்வெட்சின் வேர் முடிச்சில் குடியிருப்பவை மீசோரைசோபியம் பேரினத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள். கொண்டைக்கடலைக்குத் தழைச்சத்து பிடித்துத் தருவதும் இதே பேரினம்தான். அவரைக்கோ பட்டாணிக்கோ விற்கும் ரைசோபியம் பொட்டலம் இதற்குப் பொருந்தாது. காட்டு மில்க்வெட்ச் ஏற்கெனவே நன்றாக வளரும் இடத்து மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து விதைக்குழியில் தூவுவது எளிய வழி.

முடிச்சு வேலை செய்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டில், பூப்பதற்குச் சற்று முன், செடியின் பக்கவாட்டில் மண்ணை மெல்லக் கிளறி, ஒரு பக்கவேரை மட்டும் வெளியே எடுங்கள். அதில் சற்று நீண்ட முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிள்ளி, நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உழைக்கிறது. அந்த நிறம் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தருவது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயன் இல்லை.

பசுந்தாள் உரம் என்றால், செடி உயிரோடு நிற்கும்போது பக்கத்துச் செடிக்கு அள்ளிக் கொடுப்பதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இலையும் வேரும் மடிந்து மக்கும்போதுதான் தழைச்சத்தின் பெரும்பகுதி மண்ணுக்கு வந்து சேர்கிறது. ஒரே பருவத்தில் விதைத்து மடக்கி உழுவதற்கு, மெதுவாக வளரும் பல்லாண்டுச் செடி ஏற்றதல்ல. அந்த வேலைக்கு இதன் ஓராண்டு உறவான அஸ்ட்ராகலஸ் சைனிகஸ் இருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் நெல் அறுவடையை ஒட்டி இலையுதிர் காலத்தில் அதன் விதையை வயலில் தூவுவார்கள். வசந்தத்தில் வயல் முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அடுத்த நெல்லுக்கு முன் அதை அப்படியே மடக்கி உழுதுவிடுவார்கள். அந்தப் பூவின் தேனுக்கு ஜப்பானில் தனி மதிப்பு உண்டு. காட்டு மில்க்வெட்ச் பொருந்துவது வேறிடத்தில்: பழத்தோட்டத்து ஓரம், சரிந்து அரிக்கும் கரை, ஆண்டுதோறும் உழாத மேட்டு நிலம். அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் மடியும் தண்டும் இலையும் விழுந்த இடத்திலேயே மக்கி, அந்த நிலத்தையே வளமாக்கும்.

கேள்வி: தேனீ வளர்ப்பவருக்கும் வண்ணத்துப்பூச்சி ஆர்வலருக்கும் இதனால் பயன் உண்டா?

பதில்: பூவின் தேன் ஆழத்தில் இருப்பதால், நீண்ட நாக்குள்ள பம்பிள் தேனீக்களே இதை எளிதாக எடுக்கின்றன. வண்ணத்துப்பூச்சிக்கோ இது வாழ்வாதாரம். பிளபீஜஸ் ஆர்கைரோக்னோமோன் என்ற சிறு நீல வண்ணத்துப்பூச்சி, தன் எல்லையின் வட கோடியான ஸ்காண்டிநேவியாவில் இந்தச் செடியை நம்பித்தான் முட்டையிடுகிறது. அதன் புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைச் சூழ்ந்து காவல் நிற்கும். நார்வேயில் அது அருகிப்போன பூச்சி. சாலையோரத்தை வெட்டிச் சுத்தம் செய்கிறோம் என்று நடுக்கோடையில் இச்செடியை ஒட்ட அறுத்துவிட்டால், அந்த ஆண்டுப் புழுக்களும் சேர்ந்தே அழிந்துபோகும். செடி இருக்கும் ஓரங்களை இலையுதிர் காலம் முடிந்த பின்னரே வெட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் வெட்டாமல், ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்கு விட வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, நாள் தள்ளிப்போடும் மனம் இருந்தால் போதும்.

கேள்வி: டிராககாந்த் கோந்து இந்தச் செடியிலிருந்து வருகிறதா?

பதில்: வருவதில்லை. ஈரானிலும் துருக்கியிலும் அவற்றைச் சூழ்ந்த மலைநாடுகளிலும் வளரும் அஸ்ட்ராகலஸ் கம்மிஃபர் முதலிய முட்புதர் இனங்களின் வேரையும் தண்டடியையும் கீறி, கசிந்து உலர்ந்த கோந்தை நாடா நாடாவாகச் சேகரிக்கிறார்கள். மாத்திரை பிணைக்கவும் சாறுகளைக் கெட்டியாக்கவும் அது பயன்படுகிறது. துருக்கியின் எப்ரு என்ற நீர்மேல் ஓவியக் கலையில் வண்ணம் மிதக்கும் நீரைத் தடிக்க வைப்பதும் அதுவே. காட்டு மில்க்வெட்சைக் கீறினால் கோந்து கிடைக்காது. செடிக்குக் காயம்தான் மிஞ்சும்.

கேள்வி: ஆண்டு முழுவதும் வெப்பமாக இருக்கும் சமவெளியில் இதை வளர்க்க முடியுமா?

பதில்: வேண்டாம் என்பதே என் பதில். குளிர்காலத்தில் மேல்பாகம் முழுவதும் மடிந்து, வேர் மட்டும் ஓய்வெடுத்து, வசந்தத்தில் மீண்டும் எழுவது இதன் வாழ்க்கை முறை. அந்த ஓய்வே கிடைக்காத இடத்தில், வெப்பமும் ஈரமும் சேரும் மாதங்களில் வேர்த்தலை அழுகிவிடும். கோடையிலும் இரவில் குளிரும் உயரமான இடங்களில், மழைநீர் நிற்காத சரிவில் முயன்று பார்க்கலாம். வெப்பச் சமவெளியில் தழைச்சத்து வேண்டுபவருக்குத் தக்கைப்பூண்டும் சணப்பும் கொழிஞ்சியும் இருக்கும்போது, அங்கே துன்பப்படும் ஒரு செடியைக் கட்டாயப்படுத்தி வைப்பதில் பொருள் இல்லை.

கேள்வி: சொந்தச் செடியிலிருந்து விதை எடுத்து வைப்பது எப்படி? எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும்?

பதில்: காய் பழுப்பாகிக் காய்ந்து, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும்போது, கொத்தோடு வெட்டித் துணிப்பையில் போட்டு நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். பிறகு கையால் நசுக்கினாலே விதை பிரிந்துவிடும். சிறு துளையுள்ள விதைகள் வண்டு துளைத்தவை. அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை ஈரம் புகாத புட்டியில், குளிர்ந்த இருண்ட இடத்தில் வையுங்கள். முளைக்கத் தடையாக இருக்கும் அதே கெட்டித் தோல் இப்போது காவலாகிவிடுவதால், பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். உப்புத்தாளில் தேய்ப்பதை மட்டும் விதைக்கும் நாளுக்கு முந்தைய மாலை வரை தள்ளிவையுங்கள். தேய்த்த விதை ஈரத்தையும் பூஞ்சையையும் தாங்காது. புட்டியின் மேல் ஆண்டையும் முழுத் தாவரவியல் பெயரையும் எழுதி ஒட்டிவிடுங்கள்.